சோனகதெருவில் இரண்டு இரவு



யாழ்ப்பாணம் போய் வந்தோம் என்று யாராவது சொன்னால் உடனே என்ன கேட்கிறோம்? நல்லூர் பார்த்தீர்களா, கோட்டை பார்த்தீர்களா, பனங்கட்டி வாங்கி வந்தீர்களா என்று கேட்கிறோம். சோனகதெருவுக்குப் போனீர்களா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பட்டணத்தின் மேற்குப் பக்கம், ஐந்து சந்தியைச் சுற்றி, ஒரு பக்கம் வண்ணார்பண்ணையும் மறுபக்கம் நாவாந்துறையும் இருக்க, நடுவில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. ஆசாத் வீதி என்ற பெயரும், ஒஸ்மானியாக் கல்லூரியும், பள்ளிவாசல்களும் இன்றும் அதற்குச் சாட்சி. இலங்கை சிவில் சேவையில் 1935இல் சேர்ந்த முதல் முஸ்லிமும், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தவருமான அறிஞர் அஸீஸ் 1911இல் பிறந்தது வண்ணார்பண்ணையில்தான்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அப்படி வந்தவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடியேறினார்கள். கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, பின் கல்வீடு கட்டி, அங்கேயே பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, அங்கேயே மௌத்தானவர்களும் உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு சில குடும்பங்கள் திரும்பிப் போயின. பல குடும்பங்கள் பாதி இங்கும் பாதி அங்குமாக இருக்கின்றன. எங்கள் குடும்பமும் அந்தப் பாதிக் கணக்கில் ஒன்று. நானாவும் நானும் புத்தளத்தில். ராத்தா 2012இல் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். உம்மா என்னோடு.

ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு பார்த்து எல்லோருமாக ராத்தா வீட்டுக்குப் போனோம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை நான் இங்கே எழுதப் போவதில்லை. உறவு வீட்டில் இரண்டு இரவு தங்கினால் ஓர் ஊர் எப்படித் தெரியவரும் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே எழுதுகிறேன்.

வழி

புத்தளத்திலிருந்து வேனில் போவதென்றால் ஜும்ஆ முடிந்தவுடன் புறப்படுங்கள். நொச்சியாகமம் வழியாக அனுராதபுரம், பின் மதவாச்சி, வவுனியா. அஸர் தொழுகைக்கும் தேத்தண்ணிக்கும் வவுனியாவில் இறங்கலாம். அதன் பிறகு ஏ9 வீதி. 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மறுபடி திறந்த வீதி அது. அந்த இடைக்காலத்தில் எத்தனை பேர் தாய் தகப்பனின் மௌத்துக்குக்கூடப் போக முடியாமல் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த வழியில் வைத்தே சொல்லுங்கள். மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் கடந்து ஆனையிறவுக்கு வரும்போது இருபக்கமும் தண்ணீர் விரிந்து கிடக்கும். மஃரிப் நேரத்துச் செவ்வானம் அதில் படிந்திருக்க, வேனில் இருந்த பதினொரு பேரும் வாய் மூடிப் பார்த்தோம். இரவு எட்டு மணிக்கு முன்பு சோனகதெருவில் நின்றோம்.

உம்மா வீதியைப் பார்க்கவில்லை. வேனின் கண்ணாடியில் முகம் வைத்து மதில்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். சில வளவுகளில் புது வீடு. சிலவற்றில் இன்னும் கூரையில்லாத சுவரும் அதன் நடுவே முளைத்த ஆலும். "இது இன்னார் வீடு, இது இன்னார் கடை" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆனால், அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இடிந்த சுவர் மட்டும்தான்.

கூட்டில் இருந்தவை

பிள்ளைகளுக்கு அந்த ஊரைப் பிடிக்க வைத்தது ராத்தாவின் பின்வளவுதான். முருங்கை மரத்தின் கீழே பலகைக் கூட்டில் ஒரு சோடி முயல். விறாந்தையில் ஆறு லவ் பேர்ட்ஸ். தையல் அறையில், வெட்டுத் துணி போடும் பெட்டிக்குள் மூன்று குட்டிகளோடு ஒரு பூனை. தண்ணீர்த் தொட்டியில் கப்பி மீன். நுளம்புப் புழுக்களைத் தின்னும் என்பதற்காக விட்டது, இப்போது தொட்டி நிறையப் பெருகிவிட்டது.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு பிள்ளைகள் யாரும் திரும்பப் படுக்கவில்லை. ராத்தாவின் மகன் பதின்மூன்று வயது. வந்திருந்த சின்னவர்களுக்கு அவன்தான் உஸ்தாத். "காதைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது, ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, மற்றக் கை பின்பக்கம்" என்று அவன் காட்டிய மாதிரியே என் சின்ன மகள் முயலைத் தூக்கினாள். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளரும், அதனால் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும், புல்லும் இலைகுழையும் எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும் என்றான். முயல் சினைப்பட்டு 31 நாளில் குட்டி போடும். வெயில் அதற்கு எதிரி. யாழ்ப்பாணத்து ஓகஸ்ட் வெயிலில் நண்பகலில் கூட்டின் மேல் ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

லவ் பேர்ட்ஸில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறியும் விதம் எனக்கே புதிது. வளர்ந்த பறவையின் மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோல் நீலமென்றால் பெரும்பாலும் ஆண், கபில நிறமென்றால் பெண். கூட்டில் ஒரு வெள்ளை ஓடு தொங்கியது. கணவாய் ஓடு. அதைக் கொத்தித் தின்றால் முட்டைக்கு வேண்டிய கல்சியம் கிடைக்குமாம். கடைகளில் இதைக் காசுக்கு விற்கிறார்கள். கடற்கரை ஊரில் இருக்கும் நாம் கணவாய் வாங்கும் நாளில் ஓட்டை வீசாமல் கழுவிக் காயவைத்தாலே போதும்.

தையல் மெஷினும் பூனையும் ஒரே வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. பூனைக்கு நூல் என்றால் விளையாட்டு. விளையாடி விளையாடியே விழுங்கிவிடும். நூலோடு ஊசியும் போனால் உயிருக்கு ஆபத்து. வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்க வேண்டாம். உள்ளே குடலைச் சுருக்கி அறுத்துவிடும். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். ராத்தா வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் எழும்புவார். பூனைக்குட்டியோடு அன்பு வைத்ததால் அபூஹுரைரா என்ற பெயரே பெற்ற ஸஹாபியின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த அன்பில் இந்தக் கவனமும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஸஹனும் தனிச்சட்டியும்

சனிக்கிழமைப் பகல் நெய்ச்சோறு. இறைச்சி ஆணம், கத்தரிக்காய் பொரித்துப் பாலிட்ட கறி, அச்சாறு. ஆறு பேருக்கு ஒரு ஸஹன் என்று பாய் விரித்து வைத்தோம். வீட்டிலே ஆளுக்கொரு பீங்கானும் ஆளுக்கொரு நேரமுமாகச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் முதலில் முழித்தார்கள். ஸஹனில் தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இறைச்சித் துண்டு நடுவில் இருந்தால் பெரியவர் பிய்த்து எல்லோர் பக்கமும் தள்ளிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சாப்பிட்டால் நாமும் மெதுவாகச் சாப்பிட வேண்டும். இரண்டாம் தடவை, ஞாயிறு காலை இடியப்பத்துக்கு உட்கார்ந்தபோது, யாரும் சொல்லாமலே என் மகன் சொதியை உம்மாவின் பக்கம் அதிகமாக விட்டான்.

அன்றைய சமையலில் இன்னொன்றும் இருந்தது. ஓகஸ்ட் என்றால் யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலம். 25 நாள் நடக்கும் அந்தக் கொடியேற்ற காலத்தில் பல சைவ வீடுகளில் மச்சம் மாமிசம் சமைக்க மாட்டார்கள். ராத்தாவின் அயல்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் வெளிநாட்டில், அவர் தனியாக இருக்கிறார். ராத்தா அவரை அக்கா என்றுதான் அழைப்பார். குசினிச் சுவரில் ஆணியில் ஒரு மண்சட்டி தனியாகத் தொங்கியது. "இது அக்காட சட்டி. இதில இறைச்சி மீன் படாது" என்று ராத்தா சொன்னார். அந்தச் சட்டியில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வேறாகச் சமைத்து, வேறு அகப்பையால் அள்ளி, வெள்ளைச் சோறும் வைத்து, வேலிக்கு மேலால் கொடுத்தார்.

பின்னேரம் அதே வேலிக்கு மேலால் ஒரு ஓலைப் பெட்டி வந்தது. பனங்காய்ப் பணியாரம். ஓகஸ்ட்டில் பனம்பழம் விழும். பழத்தைத் தோலுரித்துப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிழிந்து வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி, ஆறியபின் மா சேர்த்து, கையால் கிள்ளிக் கிள்ளிக் கொதிக்கும் எண்ணெயில் போட வேண்டும். பச்சைக் களியில் ஒரு கைப்பு உண்டு. நன்றாகக் காய்ச்சினால்தான் அது போகும். புத்தளத்தில் பிறந்த எங்கள் பிள்ளைகள் அதை முதல் முதலாகத் தின்றார்கள். பெட்டி கால் மணித்தியாலத்தில் காலி.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க உம்மாவே போனார். வேலிக்கு இருபக்கமும் நின்று இரண்டு பேரும் பேசினார்கள். 1990இல் அந்த அக்காவும் அதே வீட்டில்தான் இருந்தாராம். அன்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்ததாகச் சொன்னார். "பயம் மாமி. வெளியில வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். உம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, "பணியாரத்துக்கு என்ன மா போட்டனீங்கள்?" என்று கேட்டார். அது மன்னிப்பா, மறதியா என்று நான் உம்மாவிடம் கேட்கவுமில்லை. மறுநாள் காலையில் இடியப்பம் அவித்ததும் முதல் தட்டை வேலிப்பக்கம் கொண்டு போகச் சொன்னது உம்மாதான்.

பதினெட்டு உறை, பன்னிரண்டு திரை

நாங்கள் போன நேரம் ராத்தாவின் கையில் ஒரு கல்யாண வீட்டு வேலை இருந்தது. 18 தலையணை உறையும் 12 திரைச்சீலையும் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். "நீங்க இருங்க, நான் இரவில முழிச்சிருந்து தைப்பன்" என்றார். யார் விட்டது? சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீடே தையல் கடையாயிற்று.

யாழ்ப்பாணத்தில் நம்மவர்கள் பலர் செய்த தொழில் தையல். வாப்பாவும் தையற்காரர். ஆறு மெஷின் வைத்துக் கடை நடத்தியவர். எல்லாம் இங்கேயே நின்றுவிட்டன. அன்று அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடா மட்டும் புத்தளத்துக்கு வந்தது. அந்த ஒரு நாடாவோடும் கடன் வாங்கிய ஒரு மெஷினோடும்தான் எங்களை ஆளாக்கினார். 1998இல் மௌத்தானார். கணக்கெல்லாம் உம்மாவின் தலையில் இருக்கிறது என்பது அன்றுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

உங்களுக்கும் பயன்படும் என்பதால் அந்தக் கணக்கைச் சொல்கிறேன். 18 அங்குலத்துக்கு 27 அங்குலத் தலையணை உறைக்கு, இருபக்கத் தையலுக்கும் சேர்த்து 19 அங்குல அகலம் வேண்டும். நீளத்துக்கு 27ஐ இரண்டு தடவை எடுத்தால் 54. உள்ளே மடிக்கும் வாய்க்கு 6, ஓரம் மடிக்க 2. ஆக 62 அங்குலம். துணி 36 அங்குல அகலமென்றால் ஒரு வரிசையில் ஒரு உறைதான் விழும். 18 உறைக்கு 31 யார் போகும். 45 அங்குல அகலமென்றால் இரண்டு உறை பக்கம் பக்கமாக விழும். பதினைந்தரை யார் போதும். "மலிவு எண்டு அகலம் குறைஞ்ச துணி வாங்கினா காசு இரண்டு மடங்கு போகும்" என்றார் உம்மா. என் மூத்த மகள் கொப்பியில் எழுதிக் கணக்குச் செய்து பார்த்து, சரி என்றாள். பருத்தித் துணியென்றால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே உறை சுருங்கித் தலையணை உள்ளே போகாது. திரைக்கு யன்னலின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் சுருக்கம் அழகாக விழும்.

மதினி வெட்டினார். ராத்தா மெஷினில். நான் ஸ்திரிக்கைப் பெட்டியோடு. ஓரக் கைத்தையல் உம்மாவிடம். பெண் பிள்ளைகள் கொக்கி வைத்தார்கள். ஆண் பிள்ளைகள் தைத்த உறையைப் புரட்டி, மூலைகளைக் கட்டைப் பென்சிலால் தள்ளி எடுத்தார்கள். நானாவையும் மச்சானையும் நூல் வெட்டப் பிடித்து உட்கார்த்தினோம். இஷாவுக்குப் பிறகும் தொடர்ந்து, இரவு பதினொன்றரைக்கு 18ஆவது உறை மடிக்கப்பட்டது. திரைகளில் ஏழு முடிந்தன. மிச்சம் ஞாயிறு காலையில்.

பேச வேண்டியிருந்த பேச்சு

ராத்தா வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரைப் பரப்புக் காணி, உம்மாவின் பெயரில், வெறும் வளவாகக் கிடக்கிறது. வாங்குவதற்கு ஆள் வந்திருந்தது. நானாவின் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அவருக்குக் காசு வேண்டும். ராத்தாவுக்கு விற்க மனமில்லை. நான் நடுவில். இதை ரெலிபோனில் பேசிப் பேசி மூன்று மாதமாக முகம் கறுத்துக் கிடந்தோம். அந்தப் பயணத்தின் உள்நோக்கமே அதுதான்.

அந்தப் பேச்சு தையலுக்கு நடுவில் வந்தது. நூல் வெட்டிக்கொண்டே நானா சொன்னார், "எனக்கு வேற வழி இருந்தா நான் கேட்கவே மாட்டன்." ராத்தா மெஷினை நிறுத்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "அதுவும் போனா இந்தத் தெருவில எங்கட எண்டு என்ன இருக்கு? நான் ஒருத்திதானே" என்றார். கை வேலையில் இருந்ததாலோ என்னவோ, யாரும் எழும்பிப் போகவில்லை. ரெலிபோனில் பேசியிருந்தால் அந்த இடத்தில் ஒருவர் வைத்திருப்பார்.

கடைசியில் உம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "விக்கிறதெண்டா விக்கலாம். காணி ஹராமில்ல, காசும் ஹராமில்ல. ஆனா நான் அதைக் கண்ணால பார்த்து முப்பது வருஷத்துக்கு மேல. முதல்ல வேலி அடைங்க, கிணத்தை இறைங்க. டிசம்பர் லீவு மட்டும் நான் இங்க இருக்கிறன். அதுக்குப் பிறகு கேளுங்க."

அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று உங்களுக்கு எழுத மாட்டேன். நானாவின் தேவை அப்படியே இருக்கிறது. ஆனால், ஞாயிறு காலையில் வேலி அடைக்கக் கட்டை வாங்கி வந்தவர் அவர்தான். என் பங்குக் கஷ்டம் வேறு. என் சின்ன மகள் பிறந்த நாள் முதல் உம்மாவோடு படுத்தவள். பின்னேரம் வேன் புறப்படும்போது முயல் கூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முயலுக்காக அழுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உம்மாவுக்கும் எனக்கும் தெரியும். இப்போது ஒவ்வொரு வெள்ளி இரவும் ரெலிபோனில் முதலில் முயலின் சுகம் கேட்பாள், அதன் பிறகு உம்மம்மாவின் சுகம்.

நீங்கள் போவதாக இருந்தால்

சகோதரிகளே, வடக்கில் வேர் உள்ள குடும்பங்கள் நம்மில் ஏராளம். போகும்போது சிலவற்றை மனதில் வையுங்கள். காணி உறுதிகள் கையில் இருந்தால் பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பதிவின் பிரதி எடுக்கலாம். வயதானவர்கள் சொல்லும் வீட்டுப் பெயர்களையும் கடைப் பெயர்களையும் ஒரு பிள்ளையை உட்கார்த்தி எழுதச் சொல்லுங்கள். திருவிழாக் காலமென்றால் அயல் வீட்டாரின் விரதத்தை அறிந்து சமையுங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர். சின்னப் பிள்ளைகளுக்குக் குடிக்கும் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள்.

நேரம் இருந்தால் பின்னேரம் பண்ணைப் பாலத்தில் பிள்ளைகளை நடக்க விடுங்கள். ஒரு பக்கம் கோட்டை, இரண்டு பக்கமும் களப்புக் கடல், நல்ல காற்று. ஆனால் அதைவிட முக்கியம், உறவு வீட்டில் விருந்தாளியாக மட்டும் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். அங்கே நடக்கும் வேலை ஒன்றில் கை வையுங்கள். முகம் பார்த்து உட்கார்ந்தால் வாயில் வராத பேச்சு, ஒரு துணியின் இரண்டு முனையைப் பிடித்து மடிக்கும்போது தானாக வரும். பிள்ளைகளும் நாம் சொல்லிக் கொடுக்கும் கதையைவிட, தாங்கள் புல் போட்ட முயலையும் தாங்கள் புரட்டி எடுத்த தலையணை உறையையும் வைத்துத்தான் ஓர் ஊரை நினைவில் வைத்திருப்பார்கள்.